திக்கிப் பேசும் பையனைப் பற்றித் தமிழில் சிறார் நாவல் இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. அக்கா மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான், பேச்சு திக்கும். வின்ஸ் வாட்டர் எழுதிய ‘பேப்பர்பாய்’ நாவலைத் தினமும் கொஞ்சம் அவனுக்குத் தமிழில் சொல்லி வருகிறேன். 1959இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், நண்பனுக்குப் பதிலாக ஒரு மாதம் பேப்பர் போடும் பதினோரு வயதுப் பையனின் கதை. எறிவதில் கில்லாடி. ஆனால் காசு வசூலிக்கக் கதவைத் தட்டினால் பேசியாக வேண்டுமே! ஆர்ட் என்ற நண்பனை ‘ராட்’ என்றுதான் கூப்பிடுவான், அதுதான் வாயில் சுலபமாக வருகிறது. கதையை டைப்ரைட்டரில் அடிக்கிறான், காற்புள்ளியே இல்லாமல். பேச்சில் நிற்பது போதாதா! எழுதியவரும் திக்குபவர்தான், அதனால் அனுதாபம் வழியவில்லை.

“தமிழ்ல இப்படி இல்லையா?” என்கிறான் பையன். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு ஏதாவது தெரியுமா? மொழிபெயர்ப்பானாலும் சரி. சிரிப்புக்காகத் திக்கும் பாத்திரம் மட்டும் வேண்டாம், அது சினிமாவிலேயே நிறைய இருக்கிறது.

அப்புறம், சத்தமாகப் படிக்கும்போது திக்கும் வசனத்தைத் திக்கியே படிப்பதா, சாதாரணமாகவா? ஆசிரியர்கள், பேச்சுப் பயிற்சி தருபவர்கள் யாராவது சொல்லுங்களேன்.