வெப்பப் பரவல் கணக்கை ஹாஸ்கெல்லில் எழுதினால் ஏன் இவ்வளவு மந்தம்? எண்கணக்குக்கு ஃபங்ஷனல் ஒத்துவருமா?

கட்டக்காரன் கேட்டது:

இரு பரிமாண வெப்பப் பரவல் கணக்கு ஒன்று. 2000-க்கு 2000 கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு டபுள் (64 பிட் மிதவைப்புள்ளி எண், அதாவது தசம எண்). மேல், கீழ், இடம், வலம் நான்கின் சராசரிதான் அடுத்த அடியில் அந்தக் கட்டத்தின் மதிப்பு, மாற்றம் மிகச் சிறியதாகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சி-யில் இரண்டு ஃபார் லூப்பில் முடிகிற வேலை. ஹாஸ்கெல் (ஃபங்ஷனல் மொழி, அதாவது வைத்த மதிப்பை மாற்றாமல் ஃபங்ஷன்களாலேயே எழுதுவது) கற்றுக்கொண்டிருப்பதால் அதில் எழுதிப் பார்க்கலாமே என்று லிஸ்டுக்குள் லிஸ்ட் வைத்து எழுதினேன். படிக்க நன்றாக இருக்கிறது, சூத்திரத்தை அப்படியே எழுதிவைத்த மாதிரி. ஆனால் ஓட்டினால் சி-க்குப் பக்கத்திலேயே வரவில்லை, மெமரி வேறு ஏறிக்கொண்டே போகிறது. கம்பைலரை வேகப்படுத்தச் சொல்லும் ஓ2 எல்லாம் போட்டாயிற்று.

கூட வேலை செய்கிற ஒருவர் "தரவு மாறவே கூடாது என்றால் ஒவ்வொரு தடவையும் நகல் எடுக்கணும், அப்புறம் வேகம் எங்கிருந்து வரும்" என்கிறார். இணையத்தில் படித்தால், பக்க விளைவு இல்லாததால் (ஃபங்ஷன் தனக்கு வெளியே எதையும் மாற்றாததால்) கம்பைலரே எல்லா கோர்களுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். இதில் எதை நம்புவது?

---

பைட்டுபாண்டி:

இரண்டையும் ஒதுக்கி வையுங்கள், உங்கள் பிரச்சினை லிஸ்ட்.

64 பிட் கணினியில் ஹாஸ்கெல் லிஸ்டில் ஓர் எண்ணுக்கு எவ்வளவு இடம் போகிறது என்று பாருங்கள். லிஸ்டின் ஒரு கண்ணி 3 வார்த்தை, அதாவது 24 பைட். அது ஒரு டபுளைச் சுட்டும். அந்த டபுள் தனியாக ஒரு பெட்டிக்குள் கிடக்கும், அதற்கு 16 பைட். ஆக மொத்தம் 40 பைட், உள்ளே உண்மையான எண் 8 பைட்தான். உங்கள் 40 லட்சம் கட்டத்துக்கு சி-யில் 32 எம்பி போதும், இங்கே 160 எம்பி, அதுவும் ஒவ்வொரு அடிக்கும் புதிதாக. இடத்தைவிட மோசம் பாயிண்டர் பிடித்துப் பிடித்து ஓடுவது. சிபியு ஒரே மூச்சில் எடுத்துவரும் 64 பைட் கேஷ் வரி ஒன்றில் அடுத்தடுத்து 8 டபுள் உட்கார்ந்திருக்க வேண்டியது, இங்கே ஒவ்வொரு எண்ணையும் தேடிப் போகணும்.

மெமரி ஏறுவது வேறு கதை. ஹாஸ்கெல் சோம்பேறி, கேட்கும் வரை எதையும் கணக்கிடாது. கடைசி அடியின் விடையை மட்டும் அச்சிடச் சொன்னால், நடுவில் உள்ள ஒவ்வொரு அடியும் "பிறகு கணக்கிடுகிறேன்" என்ற கடன்சீட்டாக நிற்கும், அந்தச் சீட்டு முந்தைய அடியைப் பிடித்து வைத்திருக்கும், அது அதற்கு முந்தையதை. வேண்டாத மெமரியை விடுவிக்கிற குப்பை அள்ளுபவன் (கார்பேஜ் கலெக்டர்) ஒன்றையும் தொட முடியாது.

செய்ய வேண்டியது: வெக்டர் நூலகத்தின் அன்பாக்ஸ்டு (பெட்டியில்லாமல் எண்ணையே நேராக வைக்கும்) வகைக்கு மாறுங்கள், 2000-க்கு 2000-ஐ ஒரே நீள வரிசையாக்கி, கிடைவரிசை எண் பெருக்கல் 2000 கூட்டல் நெடுவரிசை எண் என்று இடம் கண்டுபிடியுங்கள். எண்கள் சி அரே மாதிரியே ஒட்டி ஒட்டி உட்காரும், அன்பாக்ஸ்டு என்பதால் ஒவ்வொரு எண்ணும் உடனே கணக்காகிவிடும். அடிகளை ஓட்டும் சுற்றிலும் அரேயைக் கண்டிப்பாகக் கணக்கிடச் சொல்லுங்கள், அதற்கு பேங் (ஆச்சரியக்குறி) போட்டால் போதும். கோர்களுக்குப் பிரிக்க அந்த நூலகம் உதவாது, ரெபா அல்லது மாசிவ் நூலகத்தைப் பாருங்கள், இரண்டிலும் இந்த அக்கம்பக்கம் பார்க்கும் ஸ்டென்சில் கணக்குக்கு வசதி இருக்கிறது.

---

பழைய ஃபோர்ட்ரான்:

பாண்டி சொன்னதெல்லாம் சரி, ஆனால் இதை ஹாஸ்கெல் பிரச்சினை என்று மட்டும் பார்க்காதீர்கள். ஃபோர்ட்ரான் ஏன் இன்றும் வேகம்? ஒரு துணைநிரலுக்கு இரண்டு அரே கொடுத்தால், ஒன்றில் எழுதும்போது அவை ஒரே இடத்தைச் சுட்டவில்லை என்று கம்பைலர் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. சி-யில் அந்த உத்தரவாதம் கிடையாது, அதனால்தான் பிற்பாடு 1999 தரத்தில் ரெஸ்ட்ரிக்ட் என்று ஒரு சொல்லையே சேர்த்தார்கள். ஃபங்ஷனல்காரர்கள் பெருமையாகச் சொல்கிற "பக்க விளைவு இல்லை" என்பது கம்பைலருக்குக் கொடுப்பதும் இதே உத்தரவாதத்தைத்தான், இன்னும் முழுமையாக. அந்தப் பக்கம் நின்று பார்த்தால் எண்கணக்குக்கும் ஃபங்ஷனலுக்கும் பகையே இல்லை. ஃபோர்ட்ரானை உருவாக்கிய ஜான் பேக்கஸே 1977-இல் டூரிங் விருது உரையில் பேசியது ஃபங்ஷனல் பாணிக்காகத்தான்.

நகல் எடுக்கணுமே என்ற கவலையும் பழசு. 1983-இல் சிசல் என்று ஒரு மொழி வந்தது, அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகமும் அதில் சேர்ந்திருந்தது. மாற்றுவது என்ற பேச்சே அதில் கிடையாது, ஒரு பெயருக்கு ஒரே மதிப்பு. பழைய அரேயை இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்று கம்பைலரே கண்டுபிடித்து அதே இடத்தில் எழுதிவிடும். 1990-களின் தொடக்கத்தில் க்ரே சூப்பர் கணினிகளில் ஃபோர்ட்ரானோடு தோளோடு தோள் நின்றது அது. பிழைக்கவில்லை என்பது வேறு விஷயம், யாரும் தங்கள் பழைய நிரலைத் தூக்கிப் போடத் தயாராக இல்லை.

என் கட்சி: வேகம்தான் வேண்டும் என்றால் ஃபோர்ட்ரானிலேயே ப்யூர் (பக்க விளைவு இல்லாதது), எலிமென்டல் (அரேயின் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியே பொருந்துவது) என்று அறிவித்து எழுதுங்கள், 2008 தரத்தில் சுற்றுகளை எந்த வரிசையிலும் ஓட்டலாம் என்று சொல்லும் டூ கன்கரண்ட் லூப் இருக்கிறது. பாதி ஃபங்ஷனல் அங்கேயே கிடைத்துவிடும், மெமரி ஏறிக்கொண்டே போகிற இந்த ஸ்பேஸ் லீக்கைத் தேடி ராத்திரி முழித்திருக்க வேண்டாம். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சி உங்கள் லூப்பைத் தானாக சிம்டு (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும்) கட்டளைகளாக மாற்றித் தரும் என்று காத்திருக்காதீர்கள்.

---

பைட்டுபாண்டி:

சிம்டு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் இந்தக் குறிப்பிட்ட கணக்கில் அது அவ்வளவு உறுத்தாது. ஒரு கட்டத்துக்கு 3 கூட்டல், 1 பெருக்கல். அதற்குக் குறைந்தது 8 பைட் படித்து 8 பைட் எழுதணும். நாலு கணக்குக்கு 16 பைட் போக்குவரத்து என்றால் சிபியு பெரும்பாலும் மெமரிக்காகக் காத்துத்தான் நிற்கும். அரே ஒட்டி உட்கார்ந்துவிட்டால் மொழிகளுக்குள் வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துவிடும். மேட்ரிக்ஸ் பெருக்கல் மாதிரி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற வேலை என்றால் நீங்கள் சொல்வதுதான், அதைக் கையால் எழுதவே கூடாது, ப்ளாஸ் என்ற மேட்ரிக்ஸ் கணக்கு நூலகத்தைக் கூப்பிடணும்.

---

நிழல்கர்னல்:

ஜிபியு இருக்கிறதா? இருந்தால் கேள்வியே மாறிவிடும்.

ஃபுதார்க் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் உருவான மொழி, முழுக்க ஃபங்ஷனல், மேப் (ஒவ்வொன்றுக்கும் ஒரே ஃபங்ஷன்), ரெட்யூஸ் (எல்லாவற்றையும் ஒரே விடையாகச் சேர்ப்பது), ஸ்கேன் (சேர்த்துக்கொண்டே போகும் இடைவிடைகள்) என்று எழுதினால் ஜிபியுவில் ஓடும் ஓப்பன்சிஎல் அல்லது கூடா நிரலாக மாற்றித் தரும். நகல் பிரச்சினைக்கு அங்கே வகை அமைப்பிலேயே விடை: இந்த அரேயை நான் தின்றுவிட்டேன், இனி யாரும் தொட மாட்டார்கள் என்று அறிவித்தால் அதே இடத்தில் எழுதும், அப்புறம் தொட்டால் கம்பைல் ஆகாது. முழு நிரலையும் அதில் எழுத வேண்டியதில்லை, கனமான பகுதியை மட்டும் எழுதி சி-யிலிருந்தோ பைத்தானிலிருந்தோ கூப்பிடலாம்.

பைத்தான் பழக்கம் என்றால் ஜாக்ஸ் என்ற நூலகம். வெளியே பைத்தான் மாதிரி இருக்கும், உள்ளே அரே மாறாது, ஃபங்ஷன் சுத்தமாக இருக்கணும், ரேண்டம் எண்ணுக்குக்கூட அது எதிலிருந்து பிறக்கணும் என்று சொல்லும் சாவியை நீங்களே கையில் கொடுக்கணும். சுத்தமாக இருப்பதால்தான் அதே ஃபங்ஷனை ஜிட் பண்ணவும் (ஓடும்போதே கம்பைல் செய்யவும்), அதன் டெரிவேட்டிவ் எடுக்கவும், ஒரு தொகுதி மேல் ஓட்டவும் முடிகிறது. புதிதாக வருபவர்கள் மாட்டுகிற இடம் இரண்டு. ஜிட் பண்ணிய ஃபங்ஷனுக்குள் சாதாரண பைத்தான் ஃபார் லூப் போட்டால் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக விரிந்து கம்பைல் ஆகவே யுகம் போகும், அதன் சொந்த லூப் அல்லது ஸ்கேன் பயன்படுத்தணும். அடுத்தது, சும்மா விட்டால் எல்லாமே 32 பிட். டபுள் வேண்டுமென்று அமைப்பில் சொல்லணும், இல்லையென்றால் உங்கள் "மாற்றம் மிகச் சிறியது" சோதனை ஒரு கட்டத்துக்கு மேல் அர்த்தமில்லாமல் போகும்.

---

மிதவை:

32 பிட் பேச்சு வந்ததால் ஒன்று. கம்பைலரே பிரித்துக் கொடுக்கும் என்பதில் யாரும் சொல்லாத ஓட்டை இருக்கிறது. மேப்பைப் பிரிப்பது சுலபம். ரெட்யூஸைப் பிரிக்க அந்தச் செயல் எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே விடை தரணும், மிதவைப்புள்ளிக் கூட்டல் அப்படி இல்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் முதலில் கூட்டி 0.3 சேர்த்தால் டபுளில் 0.6000000000000001, பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6. 32 பிட்டில் இன்னும் கொடுமை, ஒவ்வொன்றாக 1 கூட்டிக்கொண்டே போனால் 16777216-இல் நின்றுவிடும், அதற்கு மேல் நகராது.

பிரித்துக் கூட்டினால் பொதுவாகத் துல்லியம் கூடத்தான் செய்யும், இரண்டிரண்டாகச் சேர்ப்பதில் பிழை மெதுவாகவே வளரும். ஆனால் 8 கோரில் வந்த விடை 16 கோரில் கடைசி இலக்கம் வரை அப்படியே வராது. பிட்டுக்குப் பிட் ஒத்துப்போகணும் என்று சோதனை எழுதிவைத்திருப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. ஒரு ஃபங்ஷன் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக, அது எல்லா இயந்திரத்திலும் ஒரே எண்ணைத் தரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

---

கட்டக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அன்பாக்ஸ்டு வெக்டருக்கு மாற்றினேன், மெமரி ஏறுவது நின்றுவிட்டது, வேகமும் நம்பும்படி இருக்கிறது. சி இன்னும் முன்னால்தான், ஆனால் முன்பு இருந்த கேவலம் இல்லை. இப்போது ஒரு சந்தேகம். எப்போது நிறுத்துவது என்று பார்க்க பழைய கட்டத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கங்களைக் கூட்டுகிறேன். மிதவை சொன்ன சிக்கல் இதில் வருமா? இந்தச் சோதனைக்கே கணிசமான நேரம் போகிறது வேறு.

---

மிதவை:

வரும், ஆனால் நிறுத்தும் எல்லை ஓரிரு அடி முன்பின் போவதால் உங்களுக்கு நஷ்டமில்லை. அது பிடிக்கவில்லை என்றால் கூட்டாமல் அதிகபட்ச வித்தியாசத்தை எடுங்கள். பெரியதைத் தேர்வது எந்த வரிசையில் செய்தாலும் ஒரே விடைதான், நேன் (எண்ணே அல்லாத செல்லாத விடை) எதுவும் உள்ளே நுழையாத வரை.

---

பைட்டுபாண்டி:

நேரம் போவது, 32 எம்பி அரே இரண்டை மறுபடி முழுசாகப் படிப்பதால். இரண்டு வழி. ஒவ்வொரு அடிக்கும் பார்க்காமல் 50 அடிக்கு ஒருமுறை பாருங்கள். அல்லது உள்ளுக்குள் மட்டும் மதிப்பை மாற்ற ஹாஸ்கெல் விடுகிற எஸ்டி மோனாடுக்குள் போய் புதிய மதிப்பை எழுதும் அதே லூப்பிலேயே அதிகபட்சத்தையும் பிடித்து வாருங்கள். உள்ளே எழுதி அழித்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் அது சுத்தமான ஃபங்ஷன்தான், வகையே அதற்கு உத்தரவாதம். கையோடு இரண்டு அரேயை மட்டும் ஒதுக்கி மாற்றி மாற்றி எழுதினால் ஒவ்வொரு அடிக்கும் புது 32 எம்பி கேட்பதும் நிற்கும். முதலில் 50 அடி வழியைச் செய்து பாருங்கள், ஒரு வரி மாற்றம்தான்.