முனைவர் பட்டம் முடிந்தது: அம்மா அப்பாவை அந்தமானுக்கு அழைத்துப் போகலாமா?

சாத்தூர் மகள்:

வணக்கம். போன மாதம் எனக்கு வாய்மொழித் தேர்வு முடிந்தது. தாவரவியலில் முனைவர் பட்டம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் (மாங்குரோவ்) மண்தான் என் ஆய்வு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் இருபத்தாறு வருடம் குச்சி அடைத்தவள். அப்பா சிவகாசியில் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறார். என் ஆய்வேட்டின் ஆறு பிரதிகளையும் அவர் கையாலேயே கட்டினார்: கறுப்புக் காலிகோ துணி அட்டை, முதுகில் தங்க எழுத்து. என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' ஏன் இல்லை என்று கேட்டார். இனிமேல்தான் அப்பா என்றேன்.

அந்தச் சேற்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஐந்து வருடமாக அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். முத்துப்பேட்டைக்கு வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். ஒரு நாள் கூலி போய்விடும் என்று வரவில்லை. கடல் என்றால் அவளுக்குத் திருச்செந்தூர் மட்டும்தான். அங்கும் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியதில்லை.

உதவித்தொகையில் மிச்சம் பிடித்த ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் இருக்கிறது. தம்பியையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர். கப்பலா, விமானமா? அம்மாவுக்கு மூட்டு வலி. அந்தமானின் பாராடாங் தீவில் உள்ள அலையாத்திக் காட்டுக்கு அவளால் வர முடியுமா? அதைக் காட்டத்தான் முக்கியமாகப் போகிறேன். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர். அந்தப் பணத்துக்கு நகை எடு, கல்யாணத்துக்கு ஆகும் என்கிறார் அத்தை. அப்பாவும் இப்போது தயங்குகிறார்.

தீவுக்காரன்:

வாழ்த்துகள் தங்கச்சி. நான் அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேயரிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். 2024இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்.

விமானத்திலேயே வாருங்கள். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கப்பல் என்றால் மூன்று நாள். கடல் கொந்தளித்தால் பழக்கம் இல்லாதவர்களால் தலையைத் தூக்கவே முடியாது. மூட்டு வலிக்காரரை அதில் ஏற்றாதீர்கள்.

பாராடாங் வேண்டாம் என்பேன். விடிவதற்கு முன்பே கிளம்பி ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்து வண்டிகளைக் கூட்டமாகத்தான் அனுப்புவார்கள். பிறகு படகு, அதன் பிறகு மேடு பள்ளத்தில் சுண்ணாம்புக் குகைவரை நடை. இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன்: அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அதை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. இன்றும் சுற்றுலா வண்டிகள் போய்க்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களுக்கு வேண்டியது அலையாத்தி மரங்கள்தானே? வண்டூர் கடற்கரைக்குப் போகும் வழியில் சிப்பிகாட் என்ற இடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் கடல் வந்து அப்படியே தங்கிவிட்டது. இப்போது அங்கே அலையாத்தி மரங்கள் தாமாக முளைத்து நிற்கின்றன. காரை ஓரம் கட்டினாலே போதும். தண்ணீரில் மட்டும் யாரையும் இறங்க விடாதீர்கள், இங்குள்ள ஓடைகளில் உப்புநீர் முதலை உண்டு. அம்மாவுக்குத் திருச்செந்தூர் பிடிக்கும் என்றால் வெற்றிமலை முருகன் கோயிலுக்கும் அழைத்துப் போங்கள்.

மதுரை ரயில்வே:

நான் பெற்றோருடன் ஹேவ்லாக் தீவுக்குப் போய்விட்டு, திரும்பும் அன்றே சென்னை விமானம் பிடிப்பதாகத் திட்டம் போட்டேன். காற்று அடித்ததால் காலைப் படகை நிறுத்திவிட்டார்கள். விமானம் போய்விட்டது, டிக்கெட் பணமும் போயிற்று. அதனால் கடைசி இரவைப் போர்ட் பிளேயரில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்சுலினைக் கைப்பையில் மருத்துவர் சீட்டோடு வையுங்கள். தம்பி ஆழ்கடல் நீச்சலுக்கு (ஸ்கூபா) ஆசைப்பட்டால், அதற்கு அடுத்த ஒரு நாள் முழுக்க விமானம் ஏறக் கூடாது. அங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு மூன்று மணிக்கே போய்விடுங்கள்.

செல்லுலார் சிறையில் கைதிகள் இழுத்த செக்கின் மாதிரி இருக்கிறது. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்ததும் இப்படித்தானே என்று என் அப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். உங்கள் அப்பாவும் வ.உ.சி. பிறந்த பக்கத்துக்காரர்தானே, நிற்பார்.

கரூர் டீச்சர்:

நானும் முதல் தலைமுறைதான். வேலை கிடைத்ததும் சொந்தக்காரர்கள் சொன்னபடி அம்மாவுக்குச் சங்கிலி எடுத்தேன். அது மூன்று முறை வங்கிக்கு அடகு போய் வந்தது; அம்மா அதைப் போட்டுக்கொண்டது இரண்டே கல்யாணத்துக்கு. நீ போய் வாம்மா. அப்பாவிடம் செலவுக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டு, தயக்கம் பாதி குறையும்.

சாத்தூர் மகள்:

பிப்ரவரியில் போய் வந்துவிட்டோம். ஐந்து இரவு, கடைசி இரவு போர்ட் பிளேயரில். பாராடாங்கை விட்டுவிட்டோம். கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்பா அதை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஹேவ்லாக்கில் தம்பி கடலை விட்டு வெளியே வரவே இல்லை. அப்பா பொறுக்கிய சங்கு, பவளத் துண்டுகளைத் தீவை விட்டு எடுத்துப் போகக் கூடாது என்று சொன்னதும், எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றாக வைத்தார்.

சிப்பிகாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் போனபோது நீர் வற்றியிருந்தது. சாலையோரக் கரையிலேயே மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே விரல் உயரத்துக்கு நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா என் தோளைப் பிடித்துக் குனிந்து, ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தாள். குச்சியில் மருந்து சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் அதே பிடி. வேரின் தோலில் புள்ளி புள்ளியாக இருந்ததைத் தடவி, இது என்ன என்றாள். சேற்றுக்குள் காற்று இல்லை அம்மா, அதனால் வேர் மேலே வந்து இந்தத் துளை வழியாக மூச்சு விடுகிறது என்றேன். இதையா ஐந்து வருடம் பார்த்தாய் என்று கேட்டாள். வேரை இல்லை, வேரைச் சுற்றியிருக்கும் மண்ணை என்றேன். உடனே ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து முகர்ந்தாள். அழுகிய முட்டை வாடை. முகம் சுளிக்கவில்லை, இந்த வாடை ஏன் வருகிறது என்று அடுத்த கேள்வி. கந்தகத்தைச் சொன்னேன். கந்தகம் அவளுக்குத் தெரியாததா!

அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். என் வாய்மொழித் தேர்வில்கூட மண்ணின் வாடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தீவுக்கார அண்ணன், மதுரை ஐயா, டீச்சர், மூவருக்கும் நன்றி. அத்தைக்குப் படங்களை நான் அனுப்பவில்லை. தானே நேரில் போய்க் காட்டுவதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.