எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் கொம்பியூட்டரில காட்டுதில்லை, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் கிளிநொச்சிப் பக்கம். 1 டிபி எக்ஸ்டேர்னல் டிஸ்க் ஒண்டு. செருகினா லைட் எரியுது, சுத்துற சத்தமும் வழமை போலதான், டிக் டிக் எண்டு அடிக்கேல்லை. ஆனா 'திஸ் பிசி'யில ஒண்டுமில்லை.

வயர் மாத்தியாச்சு. கறண்ட் காணாதோ எண்டு டெஸ்க்டொப்பின்ர பின்பக்க யூஎஸ்பி 3 போர்ட்டிலயும் குத்திப் பாத்தன் (பழைய 2 போர்ட் 500 மில்லி அம்பியர்தான் குடுக்கும், 3 எண்டால் 900). அதேதான்.

டிஸ்க் மனேஜ்மென்டில பாத்தால் டிஸ்க் நிக்குது, அளவும் சரி, ஆனா பார்ட்டிஷன் 'ரோ' (RAW, அதாவது உள்ள இருக்கிற ஃபைல் அமைப்பு விண்டோஸுக்கு விளங்கேல்லை) எண்டு கிடக்கு, டிரைவ் எழுத்தும் இல்லை. எழுத்துக் குடுத்தன், உடன ஃபோர்மட் பண்ணட்டோ எண்டு கேக்குது. பண்ண மாட்டன். இடம்பெயர்ந்து திரியேக்க அம்மம்மா பொலித்தீன் பையில சுத்திக் கொண்டுவந்த அல்பத்தை ஸ்கான் பண்ணி இதுக்குள்ளதான் வைச்சிருக்கிறம். அல்பத்தைக் கறையான் திண்டிட்டு.

செக்டிஸ்க் (விண்டோஸில டிஸ்க் பிழை திருத்துற கட்டளை) ஓட்டு எண்டு ஒரு பெடியன் சொன்னான், அது ரோ டிரைவில ஓடாது. டவுணில ஒரு கடையில கழட்டிப் பாப்பம் எண்டாங்கள். இந்தப் புழுதிக்குள்ள டிஸ்க்கைத் திறக்கிறதோ?

முதல்ல லினக்ஸில டிடிரெஸ்கியூ எண்ட கொப்பி எடுக்கிற புரோகிராமால முழுசாக் கொப்பி எடுத்திட்டு, அந்தக் கொப்பியில டெஸ்ட்டிஸ்க் (பழுதான பார்ட்டிஷனை மீட்கிற புரோகிராம்) ஓட்டுவம் எண்டு யோசிக்கிறன். போட்டோரெக் எண்ட மற்ற மீட்பு புரோகிராம் எண்டால் படம் வரும், ஃபைல் பேர் போயிடும். ஆர் எவர் எண்ட விபரமெல்லாம் பேரிலதான் கிடக்கு. இப்பிடிச் செய்து பாத்த ஆக்கள் இருக்கிறியளோ? வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஆரிட்டயாவது கொஞ்ச நாளைக்கு 2 டிபி வெறும் டிஸ்க் இரவல் கிடைக்குமோ?