மவுஸா கமாண்டா? சர்வர்ல கைய சுட்டுக்கிட்ட கதை சொல்லுங்க

ராத்திரி ஷிஃப்ட்:
விண்டோஸ் சர்வர் 2003 காலம். கம்பெனி யூசர், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒரே இடத்துல மேய்க்கற ஆக்டிவ் டைரக்டரில, அக்கவுண்ட்ஸ் ஓயூவ (ஃபோல்டர் மாதிரி ஒரு குரூப்) கிளிக் பண்ணப் போனேன், மவுஸ் பட்டன் தேஞ்சு போனது, அப்படியே இழுத்துட்டுப் போய் சேல்ஸ் ஓயூக்குள்ள போட்டுடுச்சு. ஏதோ வார்னிங் வந்துச்சு, படிச்சாத்தானே, கை தானா எஸ் அடிச்சிடுச்சு. சேல்ஸுக்குப் போட்ட பாலிசி, அதாவது கட்டுப்பாடு, பூரா அக்கவுண்ட்ஸ் மேல ஏறி, மறுநாள் மாசக் கடைசி வேற, அந்த மேடம் போன்ல "தம்பி, கண்ட்ரோல் பேனலையே காணோமே"ங்கறாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

கறுப்புத்திரை:
மவுஸ்னாலே இதான், கமாண்ட்ல நாம டைப் அடிக்காம எதுவும் நகராதுன்னு எழுத வந்தேன், எழுதறப்பவே என் கதை ஞாபகம் வந்து தொலையுது. வாடகை உபுன்டு சர்வர் (விபிஎஸ்), தூரத்துலேர்ந்து எஸ்எஸ்ஹெச் வழியா உள்ள உக்காந்துகிட்டே யூஎஃப்டபிள்யூங்கற ஃபயர்வால எனேபிள் பண்ணேன். கனெக்‌ஷன் அறுந்தாலும் அறுந்துடும், பரவால்லயான்னு கேட்டுச்சு. ஒய் அடிச்சேன். ஒண்ணும் அறுகல, கர்சர் பாட்டுக்கு மினுக்கிட்டு நிக்குது. சும்மா மிரட்டுதுன்னு எக்ஸிட் அடிச்சுட்டு டீக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா உள்ள விடல, எஸ்எஸ்ஹெச் வர்ற 22ம் போர்ட்ட அலவ் பண்ணவே இல்லயே! கடைசில ஹோஸ்டிங் பேனல்ல இருக்கற கன்சோல் பட்டன்தான் காப்பாத்துச்சு. ஆமா, மவுஸ்லதான் கிளிக் பண்ணேன், சிரிக்காதீங்க.

ரூட்டு_தல:
ரெண்டு பேரும் கேட்ட கேள்விய படிக்காம எஸ் அடிச்சிருக்கீங்க, இதுல மவுஸ் என்ன பண்ணுச்சு? நான் டிஸ்க்க அப்படியே காப்பி அடிக்கற டிடி கமாண்ட்ல எஸ்டிபிங்கற டிஸ்க்குக்குப் பதிலா எஸ்டிஏ போட்டு சொந்த லேப்டாப்ப அழிச்சவன், அவ்ளோதான் என் கதை. இப்ப நான் சொல்றத கேளுங்க. டிடிக்கு முன்னாடி எல்எஸ்பிஎல்கே அடிச்சு டிஸ்க் சைஸ பாருங்க. ஃபயர்வால் தொடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷத்துல அது தானா டிசேபிள் ஆகற மாதிரி அட் கமாண்ட்ல ஒரு வேலை போட்டு வைங்க, உள்ள வர முடிஞ்சா அப்புறம் அத எடுத்துடலாம். நெட்வொர்க் மாத்தணும்னா நெட்பிளான் அப்ளை வேணாம், நெட்பிளான் ட்ரை அடிங்க, 120 செகண்ட்ல நீங்க என்டர் தட்டலன்னா பழையபடி ஆயிடும். விண்டோஸோட பவர்ஷெல் கமாண்டா, வாட்இஃப் சேத்து ஓட்டுங்க, எதையும் மாத்தாம என்ன ஆகும்னு மட்டும் சொல்லும். ஓயூ தெரியாம இழுபடறதத் தடுக்கவும் சர்வர் 2008லயே ஒரு டிக் பாக்ஸ் குடுத்துட்டாங்க.

ராத்திரி ஷிஃப்ட்:
தல, நான் சொன்னது 2003. அட்வைஸ் யார் கேட்டா?

பழைய மெயில்காரன்:
மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர் எக்ஸ்சேஞ்ச் 2007 கன்சோல்ல, மவுஸ்ல கிளிக் பண்ற விசார்ட் முடிஞ்சதும் தான் ஓட்டுன பவர்ஷெல் கமாண்ட கடைசி பக்கத்துல காட்டும். அத காப்பி அடிச்சு அடிச்சுதான் நான் கத்துக்கிட்டேன், அதனால இந்த மவுஸ், கமாண்ட் சண்டையே எனக்குப் புரியல. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ட்ரெய்னி பசங்களுக்கு மட்டும் மெயில்பாக்ஸ் அளவ குறைக்கணும். மவுஸ்ல ஒண்ணொண்ணா பண்ணிருந்தா இருபதாவது ஆள்லயே அலுத்து எந்திரிச்சுப் போயிருப்பேன். மெயில்பாக்ஸ் லிஸ்ட்ட எடுக்கற கெட்-மெயில்பாக்ஸ்னு ஆரம்பிச்சு, அத அடுத்த கமாண்டுக்கு அனுப்பற குழாய் (|) போட்டு ஒரே அடி, ட்ரெய்னி மட்டும்னு ஃபில்டர் போட மறந்துட்டேன். ஒரு எரர் கிடையாது, அமைதியா முடிஞ்சுது. எட்டு மணிக்கு எம்டி ரூம்லேர்ந்து ஆள் வந்து, "சாருக்கு மெயில் போகமாட்டேங்குதாம், இடம் இல்லன்னு வருதாம்"னு நிக்கறான்.