புதுப்பிப்பு: நீச்சல் மகளோடு மூன்று மாநிலக் கல்லூரிப் பயணம்

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் நீச்சல்காரி மகளோடு ஒரே வாரத்தில் ஐந்து கல்லூரிகளைப் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நான்கோடு நிறுத்திக்கொண்டோம்: அமெரிக்காவின் மிச்சிகனில் ஆன் ஆர்பர், ஒஹாயோவில் கொலம்பஸ், இண்டியானாவில் புளூமிங்டன், வெஸ்ட் லஃபாயெட்.

'டெட் பீரியட்' பார்த்தீர்களா என்று கேட்டவருக்குப் பெரிய நன்றி. அந்த நாட்களில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் கல்லூரி நீச்சல் அணியின் பயிற்சியாளர் நம்மை நேரில் சந்திக்க, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி இடம் தராது. நாங்கள் குறித்த தேதி சரியாக அதில்தான் விழுந்திருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டோம்.

நீச்சல் குளம் உள்ள ஒய்எம்சிஏ மையத்தின் உறுப்பினர் அட்டை பெரும்பாலான வெளியூர்க் கிளைகளிலும் செல்லுபடியாகும் என்பதால் காலைப் பயிற்சி ஒருநாளும் தவறவில்லை. அப்புறம், பயிற்சியாளர்களிடம் எல்லாக் கேள்வியையும் அவளே கேட்டாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு பெருமையாக இருந்தது. புளூமிங்டனுக்கு மறுபடி போக வேண்டுமாம்.