மல்டி கிளாஸ் ரேஸில் வழிவிடும்போதெல்லாம் அடி வாங்குகிறேன், எங்கே தப்பு செய்கிறேன்?

கடைசிவரிசை:
வணக்கம். நண்பர்கள் மூன்று பேர் அணியாகச் சேர்ந்து ஐரேஸிங் என்ற ஆன்லைன் கார் ரேஸ் சிமுலேட்டரில் ஓட்டுகிறோம். போன வாரம் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் 4 மணி நேர மல்டி கிளாஸ் ரேஸ், அதாவது வேகம் வேறுபடும் வகுப்புகள் ஒரே தடத்தில் ஓடுவது. மிக வேகமான ஜிடிபி 14, அடுத்த வேகத்தில் எல்எம்பி2 12 (இரண்டும் ரேஸுக்கென்றே கட்டிய ப்ரோட்டோடைப் கார்கள்), எங்களைப் போன்ற மெதுவான ஜிடி3 24, ஆக மொத்தம் 50 கார். ஜிடி3 மட்டும் ஓடும் ரேஸில் நான் சுத்தமாக ஓட்டுகிறவன் என்றுதான் பெயர். இதில் என் முறைக்கு வந்த 75 நிமிட ஸ்டிண்டில் மூன்று மோதல். மூன்றுமே பின்னாலிருந்து வந்த வேகமான கார் இடித்தது. மூன்றுமே நான் வழிவிட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது!

பின்னால் வேகமான கார் வருவதைக் காட்டும் நீலக்கொடி தெரிந்ததும் ஒதுங்கிவிடுகிறேன். இதற்கு மேல் ஒருவன் என்னதான் செய்வது? பழுது பார்க்கவே பிட்டில் பல நிமிடம் போய், கடைசியில் எங்கள் வகுப்பில் 21வது இடம். அணி நண்பர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. இடித்தவர்கள் மேல் புகார் கொடுக்கலாமா?

பிட்லேன்பூனை:
புகார் அப்புறம் இருக்கட்டும். ரீப்ளேயைத் திறந்து, உங்களை இடித்தவரின் காக்பிட்டிலிருந்து பாருங்கள். நம் காரிலிருந்து பார்த்தால் எல்லா மோதலும் அடுத்தவன் தப்பாகத்தான் தெரியும். எந்த வளைவு, தடத்தின் எந்தப் பக்கம் இருந்தீர்கள், கால் எந்தப் பெடலில் இருந்தது, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள்.

கடைசிவரிசை:
பார்த்தேன். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

முதல் மோதல் பூஓன். இடப்பக்கம் திரும்பும் வளைவு, நான் வழக்கம்போல வலது ஓரத்தில் வந்துகொண்டிருந்தேன். நீலக்கொடி வந்ததும் ரேஸிங் லைனை (வேகமாகப் போவதற்கான பாதையை) அவருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று இடப்பக்கம் ஒதுங்கினேன். அவர் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது புரூசெல். வளைவின் நடுவில் அவர் பக்கவாட்டில் வரட்டும் என்று த்ராட்டிலிலிருந்து (ஆக்ஸிலரேட்டர்) காலை எடுத்தேன். நேராகப் பின்னால் வந்து இடித்தார்.

மூன்றாவது லே கோம்ப் வளைவு. ஒரு ஜிடிபி தாண்டிப் போனது, 'சரி, போய்விட்டார்' என்று ஏபெக்ஸ் (வளைவின் உள்முனை) பக்கம் திருப்பினேன். அவர் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் வந்திருக்கிறார்.

பிட்லேன்பூனை:
முதல் இரண்டுக்கும் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் மரியாதைதான் உங்களை இடிக்க வைக்கிறது.

எஃப்1 (ஃபார்முலா 1) பார்த்துப் பழகியவர்கள் எல்லாருக்கும் இது வரும். அங்கே நீலக்கொடி காட்டினால் வழிவிட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் தண்டனை. இங்கே நீலக்கொடி வெறும் தகவல்: 'பின்னால் ஒருவர் வருகிறார், தெரிந்துகொள்.' பத்திரமாகத் தாண்டிப் போகும் பொறுப்பு வேகமான காருடையது. அவர் 200 மீட்டர் பின்னாலிருந்தே உங்கள் லைனைக் கணித்து, நீங்கள் இல்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். கடைசி நொடியில் நீங்கள் நகர்ந்தால் அவர் தேர்ந்தெடுத்த இடத்துக்குள்ளேயே போய் நிற்கிறீர்கள். மாட்டு வண்டி நேராகப் போனால் பஸ்காரர் தாண்டிவிடுவார். 'வழிவிடுகிறேன்' என்று அது குறுக்கே இழுத்தால்தான் வம்பு.

புகார் கொடுத்தால், பூஓன் விஷயத்தில் தீர்ப்பு உங்களுக்கு எதிராகக்கூட வரலாம். மோதல் புள்ளியும் யார் தப்பு என்று பார்த்து விழுவதில்லை. பலமான இடி என்றால் இருவருக்கும் 4எக்ஸ், அதாவது நான்கு மோதல் புள்ளிதான்.

இன்னொன்று. ஸ்பாவில் ஜிடிபி நம்மைவிட ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 15 விநாடி வேகம். நம் சுற்று 2:17 என்று வைத்துக்கொண்டால், ஒரே ஜிடிபி உங்களை மறுபடி பிடிக்க 18, 19 நிமிடம் ஆகும். அப்படி 14 கார் என்றால் சராசரியாக 80 விநாடிக்கு ஒருவர். உங்கள் 75 நிமிடத்தில் 55 தடவைக்கு மேல் ஜிடிபி மட்டுமே தாண்டியிருக்கும், எல்எம்பி2 தனி. ஒவ்வொரு தடவையும் ஒதுங்கப் பார்த்தால், மூன்று மோதலோடு தப்பித்தது அதிர்ஷ்டம்.

ஹைப்ரிட்வாத்தியார்:
நான் ஜிடிபி ஓட்டுபவன், அதாவது எதிர்க்கட்சி. பூனை சொன்னதில் முக்கால் பங்கு சரி. ஆனால் 'லைனை விடாதே' என்பதை 'எதுவுமே செய்யாதே' என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், அது எங்களுக்குத் தலைவலி.

எங்கள் பக்கத்துக் கஷ்டம் இதுதான். எங்களுக்கு டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைத் தடத்தோடு அழுத்தும் விசை) அதிகம், எடையும் உங்களைவிடக் குறைவு, அதனால் பிரேக் பிடிக்கும் இடம் உங்களுடையதைவிட நன்றாக உள்ளே தள்ளி இருக்கும். ஆனால் எங்களிடம் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கிடையாது. நீங்கள் எங்கே பிரேக் பிடிப்பீர்கள் என்று தெரிந்தால் சமாளித்துவிடுவோம். பயந்துபோய் வழக்கத்தைவிட 30 மீட்டர் முன்னாலேயே பிடித்தால் முடிந்தது கதை. வளைவின் நடுவில் காலை எடுப்பது அதைவிட மோசம். புரூசெலில் உங்களுக்கு நடந்தது அதுதான்.

உதவி செய்ய ஆசை இருந்தால் அதற்கு ஒரே இடம்தான்: வளைவு முடிந்து நேர்த்தடம் தொடங்கும் இடம். முழு த்ராட்டில் போகக் கொஞ்சம் தாமதித்து, இருந்த பக்கத்திலேயே இருங்கள். ராடியோன் மேட்டு வளைவு ஏறி கெம்மல் நேர்த்தடத்தில் சேரும்போது இப்படிச் செய்தால் நடுவழியிலேயே தாண்டிவிடுவேன், லே கோம்ப்பில் இருவரும் அவரவர் லைனில் போகலாம். பிடிவாதமாக என்னை லே கோம்ப் வரை கூட்டி வந்தால் நான் உள்ளே மூக்கை நுழைப்பேன், நீங்கள் வெளியே அகலமாகப் போவீர்கள். உங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

பிட்லேன்பூனை:
வாத்தியாரே, அந்தத் தாமதம் பின்னால் என் வகுப்புக் கார் ஒட்டிக்கொண்டு வராத வரைக்கும்தான் சரி. வந்தால் ஒரு நொடிகூடக் காலை எடுக்க மாட்டேன், நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான். மற்றபடி ஒப்புக்கொள்கிறேன்.

லே கோம்ப் விஷயம் வேறு, அதற்குக் கண்ணும் காதும் போதும். ரிலேட்டிவ் பெட்டியில் (முன்பின் கார்களின் இடைவெளியை விநாடியில் காட்டும் திரைப் பட்டியல்) முதல் காரை மட்டும் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் இரண்டு வரிசையும் சேர்த்துப் படியுங்கள். ப்ரோட்டோடைப்கள் தனியாக வருவது குறைவு, ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டுதான் வரும். ஸ்பாட்டர் குரல் பக்கம் காலி என்று சொல்லும் வரை பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்றே நினைத்து ஓட்டுங்கள்.

அந்தப் பெட்டியை வைத்து இடத்தையும் முன்கூட்டியே கணிக்கலாம். 5 விநாடி பின்னால் ஒரு ஜிடிபி என்றால், சுற்றுக்கு 15 விநாடி கணக்கில் மூன்றில் ஒரு பங்கு சுற்றில் உங்களைப் பிடித்துவிடும். சுற்றின் முதல் வளைவான லா சோர்ஸில் 5 என்று கண்டால் லே கோம்ப், புரூசெல் பக்கம்தான் சந்திப்பு. உங்கள் இரண்டாவது, மூன்றாவது மோதல் நடந்த இடங்கள் எவை என்று மறுபடி பாருங்கள்.

ஒயர்மேன்:
ஓட்டுவதைப் பற்றி இவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் கணினி பக்கம் சொல்கிறேன். ஒற்றைத் திரையா? அப்படியானால் விர்ச்சுவல் மிரர் (திரையில் தனியாகத் தெரியும் பின்பக்கக் கண்ணாடி) கட்டாயம் போடுங்கள். 50 கார் கும்பலாகப் புறப்படும்போது பிரேம் விழுந்து படம் திக்குகிறதா? கண்ணாடிகளின் எண்ணிக்கையையும், திரையில் வரையப்படும் கார்களின் உச்ச எண்ணிக்கையையும் குறையுங்கள். அழகு அப்புறம்.

பக்கத்தில் ஓடும் கார் நிஜமாக அந்த இடத்தில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். இணையம் வழியாக வந்த தகவலை வைத்து 'இப்போது இங்கே இருக்கும்' என்று கணினி ஊகித்து வரைவதுதான் அது. தொடாமலே தொட்டதாகக் கணக்காவது இதனால்தான். எப்போதும் அரைக் கார் அகலம் விட்டே ஓட்டுங்கள். வைஃபையில் விளையாடுகிறவர் என்றால் முதலில் கேபிளுக்கு மாறுங்கள், பாக்கி அறிவுரையெல்லாம் அதற்குப் பிறகு.

கடைசிவரிசை:
ஒற்றைத் திரைதான். வைஃபைதான். மாற்றுகிறேன், திட்டாதீர்கள்.

பழையடயர்:
இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தம்பி. நிஜ ரேஸிலும் இதே கதைதான். 2011 லே மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ஆடி மூன்று காரோடு வந்தது. மெல்லப் போகும் கார்களைத் தாண்டப்போய் இரண்டு நொறுங்கின, முதல் மணி நேரத்தில் ஆலன் மெக்நிஷ், இரவில் மைக் ராக்கன்ஃபெல்லர். மிஞ்சிய ஒற்றை ஆடி 14 விநாடிகூட இல்லாத இடைவெளியில் போட்டி நிறுவனமான பெஷோவை வென்றது. அடுத்த ஆண்டே டொயோட்டாவின் ஆன்டனி டேவிட்சன் ஒரு ஜிடி காரோடு உரசிப் பறந்து, முதுகெலும்பில் இரண்டு எலும்பு முறிந்தது. அனுபவசாலிகளுக்கே இப்படி என்றால் நமக்கு என்ன!

ஒரு குறுக்கு யோசனை சொல்கிறேன். ப்ரோட்டோடைப் வருவதைத் தொல்லையாக மட்டும் பார்க்காதே. முன்னால் உன் வகுப்புக் கார் 1 விநாடியில் இருக்கிறது, ஒரு ஜிடிபி உன்னைத் தாண்டுகிறது என்றால், அடுத்த வளைவில் முன்னால் போகும் உன் வகுப்புக்காரனும் உன்னைப் போலவே தடுமாறப்போகிறான். நீ நேர்த்தடத்திலேயே தாண்டவிட்டு வேகம் இழக்காமல் பின்தொடர்ந்தால், அவன் வெளியே தள்ளப்படும் நேரத்தில் அந்த இடைவெளி உனக்கு. நான் இடம் பிடித்ததில் பாதி இப்படித்தான். மீதிப் பாதி அடுத்தவர் சுழன்றதில்.

கடைசிவரிசை:
எல்லாருக்கும் நன்றி. கேபிள் போட்டாச்சு. நேற்று அதே ஸ்பாவில் 90 நிமிடம் ஓட்டினேன். முதல் பத்து நிமிடம் நகராமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது, கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்க்கிறது. அப்புறம் பழகிவிட்டது. கெம்மலில் அந்தத் தாமதம் அருமையாக வேலை செய்கிறது, ஒருவர் ஹெட்லைட் சிமிட்டி நன்றிகூடச் சொன்னார், அல்லது திட்டினாரோ தெரியவில்லை. ஒரே ஒரு மோதல். பஸ் ஸ்டாப் என்ற வளைவில் ஒரு எல்எம்பி2 உள்ளே பாய்ந்தார். நான் என் லைனில், என் பிரேக்கிங் பாயின்டில்தான் இருந்தேன். வகுப்பில் 11வது.

ஒரு சந்தேகம் பாக்கி. அடுத்த ரேஸில் இரவு ஸ்டிண்ட் எனக்கு. இருட்டில் கண்ணாடியில் வெறும் வெளிச்சம்தான் தெரியும், ஜிடிபியா நம் ஜிடி3யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹைப்ரிட்வாத்தியார்:
கண்ணாடியை நம்பாதீர்கள், வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், தூரமும் தெரியாது. ரிலேட்டிவில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிறம். அதைப் பார்க்க நேரமில்லையென்றால் எண்ணைப் பாருங்கள்: ஒரு நேர்த்தடம் முடிவதற்குள் இடைவெளி 3லிருந்து 2க்குக் கீழே வந்தால் எங்கள் ஆள். அங்கேயே நின்றால் உங்கள் ஆள், அவரோடு சண்டை போடலாம்.

பஸ் ஸ்டாப் ரீப்ளே இருந்தால் அனுப்புங்கள். அந்த எல்எம்பி2 மேல் வேண்டுமானால் புகார் கொடுக்கலாம்.