பித்தளைத் தகட்டில் ஓவியம், மேலே ரெசின்: விளிம்பில் உரியுது, என்ன வழி?

செம்பூர் தூரிகை:
கேன்வாஸில் அக்ரிலிக் வரைந்துகொண்டிருந்தவள், இப்போது பதக்கமும் காதணியும் செய்கிறேன். 1 மி.மீ. பித்தளைத் தகடு, 4 செ.மீ. வட்டம், ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு), அக்ரிலிக், மேலே எபாக்ஸி ரெசின். மும்பையில் மழை ஆரம்பித்ததிலிருந்து ரெசின் பிசுபிசுக்கிறது. சிலதில் பெயிண்டோடு சேர்ந்து விளிம்பில் உரிகிறது. காதணி கனம் என்ற புகார் வேறு.

தட்டார் தெரு:
உரிவதற்கு ஜெஸ்ஸோதான் காரணம் மேடம். துணியும் மரமும் அதை உறிஞ்சிப் பிடிக்கும், வழவழப்பான பித்தளை பிடிக்காது. 320, பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, விரல் படாமல் எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) மெல்லிசாக ஒரு கோட். கார் பெயிண்ட் கடையில் கேளுங்க. பெயிண்டை ஓரம்வரை கொண்டுபோகாதீங்க, சுற்றிலும் 1.5 மி.மீ. விட்டால் ரெசின் பிரைமரையே கவ்வும். விடாவிட்டால் வியர்வை அந்த ஓரத்தில்தான் உள்ளே இறங்கும். துளை, பற்றவைப்பு எல்லாம் வரைவதற்கு முன்பே முடியணும்.

பிசுபிசுப்பு ரெண்டு வகை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில் கழுவினால் போய்விட்டால், அது ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கக் கலக்கும் இரண்டாவது திரவம்) காற்றின் ஈரத்தோடு சேர்ந்து விட்ட படலம். காயும்வரை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்க. நகம் அழுந்தித் தடம் நின்றால் கலவை விகிதம் தப்பு: பாட்டிலில் கன அளவுக்கு 2:1 என்றிருக்கும், நாம் அதே 2:1-ஐத் தராசில் எடை போட்டுவிடுவோம். 10 கிராமுக்குக் குறைவாகக் கலக்காதீங்க, சின்ன அளவில் ஒரு சொட்டே விகிதத்தைக் கெடுக்கும். பிறகு மேலே ஹார்டனர் ஊற்றினால் சரியாகாது, சுரண்டித்தான் எடுக்கணும்.

கனம்: உங்க தகடு மட்டுமே ஒரு காதுக்கு 10.7 கிராம். 0.5 மி.மீ. என்றால் பாதி. அலுமினியம் 1 மி.மீ. 3.4 கிராம்தான், ஆனால் பற்றவைப்பது கஷ்டம். துளை போட்டு வளையம் மாட்டுங்க. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் செய்த ஏறத்தாழ 1800 நகைகளில் பெரும்பாலானவற்றில் பற்றாசே கிடையாது, கம்பியை அடித்து வளைத்ததுதான்.

மாட்டுங்கா மீனா:
ரெசின் நாளாக நாளாக மஞ்சளிக்கும். நீடிக்கணும் என்றால் எனாமல் பக்கம் வாங்க, பெயிண்ட் இல்லை, கண்ணாடிப் பொடியை உலோகத்தில் சுட்டு உருக்குவது. பித்தளை வேண்டாம், சூட்டில் அதிலுள்ள துத்தநாகம் வெளியேறிக் குமிழி விடும். 0.8 அல்லது 1 மி.மீ. செம்பு, மும்பையின் உலோகக் கடைத்தெருவான தாம்பா காண்டாவில் வெட்டித் தருவாங்க. உலை 780–820 டிகிரி செல்சியஸ், 2–3 நிமிஷம். பின்பக்கமும் எனாமல் பூசணும். ஆறும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்து எனாமல் தெறிக்கும்.

ஓவியர்கள் வழுக்கும் இடம் ஒன்று: சிவப்புப் பொடியும் மஞ்சள் பொடியும் கலந்தால் ஆரஞ்சு வராது, சிவப்பு மஞ்சள் புள்ளிகள்தான் வரும். பேலட் பழக்கம் இங்கே எடுபடாது. ஒளிபுகும் சிவப்பை நேரே செம்பில் வைத்தால் பழுப்பாகிவிடும். முதலில் நிறமில்லாத எனாமல் ஒரு படலம் சுட்டு, அதன் மேல் சிவப்பு.

செம்பூர் தூரிகை:
உலை இல்லை, கேஸ் டார்ச் (தீ பீய்ச்சும் கருவி) போதுமா?

மாட்டுங்கா மீனா:
3 செ.மீ. வரைக்கும் போதும். தீ அடியிலிருந்து மட்டும். மேலே நேரே பட்டால் நிறம் கருத்துவிடும்.